மிதக்கும் மாளிகையின் சுவர்கள்

ஒரு காலத்தின் உள்ளத்தை அறிய அதன் கட்டடங்களை நோக்க வேண்டும் என்பர். கப்பல்களுக்கும் இது பொருந்தும். கடலில் மிதக்கும் கப்பலுக்குள் இடம் மிகக் குறைவு. அக்குறைந்த இடத்தை எவருக்கு எவ்வளவு எனப் பங்கிட்ட முறையில், மனிதர் மனிதரை எவ்வாறு மதித்தனர் என்பதை நாம் தெளிவாகக் காணலாம்.

1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிரிட்டானியா' என்னும் நீராவிக் கப்பலில் அமெரிக்கா சென்றார். புகழின் உச்சியில் இருந்த அவருக்கும் மிகக் குறுகிய அறையே கிடைத்தது. அன்று கடற்பயணம் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு துன்பம். அதனை இன்பமாக மாற்ற முனைந்தவருள் ஒருவர் ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணிகள் குறைந்தமையால், 1891-இல் தம் கப்பல் ஒன்றை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். அடுத்து, உல்லாசத்திற்கென்றே கட்டப்பட்ட ஒரு கப்பல் 1900-இல் நீரில் இறங்கியது. அதில் நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும், ஒளிப்படம் கழுவ இருட்டறையும் இருந்தன. அறைகள் அனைத்தும் முதல் வகுப்பே.

ஆனால் பெருங்கப்பல்களில் வகுப்புகள் நீடித்தன. 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் முதல் வகுப்பினருக்கு நீச்சல் குளமும் துருக்கிய நீராவிக் குளியலும் இருந்தன. எழுநூறுக்கு மேற்பட்ட மூன்றாம் வகுப்பினர் அனைவருக்கும் குளியல் தொட்டிகள் இரண்டே!

சுவர்கள் செய்த இப்பணியை உடையும் செய்தது. முதல் வகுப்பு உணவுக்கூடத்திற்கு இரவில் ஆடவர் கறுப்புக் கோட்டும் மகளிர் நீண்ட பட்டாடையும் அணிந்தே வருவர். முதல் இரவும் இறுதி இரவும் மட்டும் விலக்கு. அன்று உடைகள் பெட்டிக்குள் இருக்குமல்லவா! 1935-இல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'யின் உணவுக்கூடம் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுடையது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை விடவும் அது நீண்டது. அதனுள் படிகளில் இறங்கி வருவோரை எல்லோரும் காண்பர். காணப்படுவதே அவ்வுடையின் நோக்கம். அத்தகைய கப்பலும் 1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் தீக்கிரையாயிற்று.

1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. கடந்து செல்லும் தேவை கப்பல்களை விட்டு நீங்கியது. உல்லாசமே அவற்றின் தொழிலாயிற்று. வகுப்புகளும் படிப்படியே மறைந்தன. 1984-இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' கப்பலில் பயணிகளின் எல்லா அறைகளும் வெளிப்புறம் நோக்கி அமைந்தன. கடலைக் காணும் பேறு எல்லோருக்கும் பொதுவாயிற்று. 2000-இல் நார்வீஜியன் நிறுவனம், விரும்பிய நேரத்தில், விரும்பிய மேசையில், கட்டாய மாலை உடை இன்றி உண்ணலாம் என அறிவித்தது.

இனிப் பிரிவினை இல்லை என்று நாம் மகிழலாமா? 2008-இல் வந்த 'எம்.எஸ்.சி. ஃபன்டாசியா' கப்பலில், மிகுந்த கட்டணம் செலுத்துவோருக்கென ஒரு தனிப்பகுதி அமைந்தது. கப்பலுக்குள் ஒரு கப்பல் போன்றது அது. அதற்கெனத் தனிக்குளமும் கூடமும் உண்டு. உரிய அட்டை உடையவரே உள்ளே செல்லலாம். மறுபுறம், மாலை விருந்தைப் பரிமாறும் பணியாளரோ இன்றும் பல கப்பல்களில் கீழ்த்தளத்துச் சன்னலற்ற அறைகளைப் பகிர்ந்தே உறங்குகின்றனர்.

இரும்பால் எழுந்த சுவர் உடையாகி, உடை அட்டையாகிவிட்டது. கப்பல் கட்டுவோர் அகற்றிய சுவரை வேறிடத்தில் எழுப்பச் செய்பவர், அதற்கு விலை கொடுக்க முன்வரும் பயணிகளே. ஆகவே, சுவர்கள் கப்பலில் தொடங்குவதில்லை. கரையிலிருந்தே நாம் அவற்றை நம்மோடு ஏற்றிச் செல்கிறோம். பிறர் வர இயலாத இடமே சிறந்த இடம் என்னும் எண்ணம் நம்மைவிட்டு நீங்கும் வரை, எத்தனை சன்னல்கள் திறந்தாலும் கடல் எல்லோருக்கும் பொதுவாகிவிடாது.