குடம் யார் இடுப்பில்?

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் பற்றிக் கேட்டால், ‘தண்ணீர் வாழ்வின் குறியீடு’ என்று என் மாணவிகள் எழுதிவைப்பார்கள். நோட்ஸில் அப்படித்தான் இருக்கும். வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் குடம் தூக்கிப் படித்து, அங்கேயே தமிழ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பதில் போதாது. 1973இல் புத்தகமான அந்தக் கதையில் தண்ணீர் ஓர் இடத்தில் ஒன்றாகவும் இன்னோர் இடத்தில் வேறாகவும் இருக்கிறது.

முதலில் அது இல்லாமை. ஜமுனாவும் தங்கை சாயாவும் இருக்கும் தெருவில் பம்புகள் வறண்டு, பெண்கள் வீடுவீடாகக் குடத்தோடு அலைகிறார்கள். அடுத்து அது அசுத்தம். குழாய்க்காகத் தெருவைத் தோண்ட, சாக்கடை கலந்து வருகிறது. தீர்க்க வந்த கையே கெடுத்துவிட்டுப் போகிறது.

சென்னையில் இது பழைய கதை. 1772இல் தங்கசாலைப் பக்கம் ஏழு கிணறு வெட்டியது கோட்டைக்காரர்களுக்காக. 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏரி இருப்பதென்னவோ எங்களுக்கு வடமேற்கே. தண்ணீரோ தெற்கே கீழ்ப்பாக்கம் வரை போய், 1914இல் அமைந்த வடிகட்டும் நிலையத்தைத் தாண்டித்தான் குழாயில் ஏறியது. எழுபதுகளில் வீராணம் திட்டம் பாதியில் நின்றது. அதற்காகச் சாலையோரம் கொண்டுவந்து போட்ட ராட்சதக் குழாய்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்தது 2004இல்தான்.

எங்கள் தெரு அடி பம்பில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருக்கும். சோறு வடித்தால் நிறம் மாறும். குடிக்க லாரித் தண்ணிதான். ரயில்வே கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி போய்த் தீரும்வரை லாரி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். வரிசையில் குடத்துக்குப் பதில் செங்கல்லோ ஓட்டை வாளியோ இடம் பிடித்திருக்கும். அதை யாராவது நகர்த்தினால் அன்றைக்குச் சண்டைதான். ஆனாலும் காய்ச்சலில் படுத்தவள் வீட்டுக் குடமும் நிரம்பிவிடும், யாரோ தூக்கிப்போய் வைத்துவிடுவார்கள்.

நாவலின் மூன்றாவது திருப்பம் எனக்கு இங்கேதான் புரிந்தது. சினிமா ஆசை காட்டிய பாஸ்கர் ராவால் சீரழிந்து, சாகத் துணிந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசுகிறாள். நோயாளிக் கணவன், மாமியார், பள்ளி வேலை, இத்தனைக்கும் நடுவே தண்ணீரும் பிடிக்கிறவள். அவள் ஆறுதல் சொல்லவில்லை, தன் பாட்டைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு ஜமுனாவுக்குத் தண்ணீர் தெருவோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாகிறது. பஞ்சம் தீரவில்லை, அவள் மாறிவிட்டாள்.

பிறகு, சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவு. குடிப்பதற்குப் பல வீடுகளில் கேன் வந்துவிட்டது. வரிசை போனதே என்று நான் ஏங்க மாட்டேன். என் அம்மாவின் இடுப்பு வலி அந்த வரிசை கொடுத்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கும் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக்காரி தேவையில்லை. நாவலில் இல்லாத நான்காவது பொருள் அது.

அதனால் மாணவிகளிடம் ஒன்று சொல்லிவந்தேன்: குறியீட்டைப் பிறகு தேடலாம், ஒவ்வொரு காட்சியிலும் குடம் யார் இடுப்பில் இருக்கிறது, யார் வீட்டுக்குப் போகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் பொருள் அதிலிருந்து பிடிபட்டுவிடும்.