சாத்தனூர் அணையும் நம்மூர் ஏரிக்கோடியும்

 

ஒரு நாட்டின் பழம்பெருமையை அறிய விரும்புவோர் அந்நாட்டுக் கோபுரங்களை அண்ணாந்து நோக்குவது வழக்கம். ஏரிக்கரைமேல் ஏறி நின்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் கோபுரம் எழுப்பிய மரபினரே கரையும் எழுப்பினர். கோபுரம் கண்டோர்க்கு வியப்பைத் தந்தது. கரையோ காணாதோர்க்கும் சோறு தந்தது. ஆதலின் இத்திங்கள் மண்ணால் ஆய அணைகளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த நம் கீழ்பென்னாத்தூர் வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்வது. வடகிழக்குப் பருவத்தில் சில நாளே பெய்யும் மழையைத் தேக்கினாலன்றி ஆண்டு முழுதும் உழவு நடவாது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மகேந்திரவாடியில் குடைவித்த கோயில் மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில் உள்ளதென அவன் கல்வெட்டே கூறுகின்றது. முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களால், அவ்வூரார் ஏரியைக் காக்க ஏரிவாரியம் என்னும் குழுவைக் குடவோலை வழியே ஆண்டுதோறும் தெரிந்தெடுத்தனர் என அறிகின்றோம். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் மீண்டும் தெரிந்தெடுக்கப்படான். அவன்றன் நெருங்கிய உறவினரும் படார். இவ்விதியை அன்பர்கள் நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி மண்கரையின் இயல்பை ஆராய்வோம். ஓர் ஏரிக்கு உறுப்புகள் பல. நீரைக் கொணர்வது வரத்துக்கால், தாங்குவது கரை, அலை கரையை அரியாமற் காப்பது அலைகல், வயலுக்கு விடுவது மதகு, மிகுந்த நீரை வெளியேற்றுவது கலிங்கு. இக்கலிங்கையே நம் பக்கத்தார் கோடி என்பர். ஏரி நிரம்பி வழிந்தால் ‘கோடி போயிற்று’ என்று ஊரார் மகிழ்ந்து கூறுவது யாவரும் அறிந்ததே. நன்கு இறுக்கப்பெற்ற மண்கரை நூற்றாண்டுகள் நிற்கும். அதற்குப் பகை இரண்டு. எலி வளையாலும், நண்டு வளையாலும், அழுகிய மரவேராலும் நீர் உள்ளே கசிந்து மண்ணைச் சிறுகச் சிறுகக் கொண்டு செல்வது ஒன்று. நீர் கரையின் தலைமேல் ஏறி வழிவது மற்றொன்று. கருங்கற் கட்டுமேல் நீர் வழிந்தாலும் கல் பெரும்பாலும் நிற்கும். மண்மேல் வழிந்தாற் சில நாழிகையிற் கரை கரைந்தொழியும். ஆகவே மண்ணணைக்கு உயிர்நிலை அதன் கோடியே.

இக்காலத்துப் பேரணைகளுக்கும் இவ்விதி ஒக்கும். நம் மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டத்தில், சென்னகேசவ மலைகளுக்கிடையே, தென்பெண்ணையாற்றின் குறுக்கே நிற்பது சாத்தனூர் அணை. கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கிருட்டிணகிரி அணையைக் கடந்து வரும் பெண்ணையை இவ்விடத்தே தடுத்து, கற்கட்டும் மண்கரையுமாக இதனை அமைத்தனர். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டில் வேலை நிறைவுற்றது. முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அணையின் அடியிற் பூங்காவும் முதலைப் பண்ணையும் உள. விடுமுறை நாட்களில் நம் குடும்பத்தார் கட்டுச்சோற்றுடன் அங்குச் சென்று குழந்தைகளோடு களித்து மீள்கின்றனர். களிப்பது தவறன்று. எனினும் பூவையும் முதலையையும் காட்டும் பெற்றோர், நீர் வெளியேறும் கதவுகளையும் மக்களுக்குக் காட்டி, அவற்றின் பயனை உரைத்தல் வேண்டும்.

ஏனெனின், ஓர் அணைக்கு நாம் சுமத்தும் கடமைகள் ஒன்றோடொன்று மாறுபடுவன. பாசனத்துக்கு அணை நிறைந்திருத்தல் நன்று. காண வருவோர்க்கும் நிறைந்த நீரே கண்ணுக்கு இனிது. வெள்ளத்தைத் தடுக்கவோ அணையில் வெற்றிடம் இருத்தல் வேண்டும். கார்த்திகை மழையை நம்பி ஐப்பசியில் நீரைத் திறந்துவிட்டால், மழை பொய்த்தவிடத்து உழவர் வயிறெரிவர். திறவாது வைத்திருந்தால், மழை மிகுந்தவிடத்துக் கரையோரத்தார் கண்ணீர் வடிப்பர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதே அணை காப்போர் தொழில்.

இதனை 2024-ஆம் ஆண்டு நமக்குக் கண்கூடாகக் காட்டியது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிற்று. மறுநாள் அண்ணாமலையில் மண் சரிந்து எழுவர் மாண்ட துயரம் நம் நெஞ்சை விட்டு அகலாது. அப்போது சாத்தனூர் அணை ஏறக்குறைய நிறைந்திருந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் அணையினின்று வெளியேறிற்று. கட்டித் திறந்து சில திங்களே ஆன அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர்ப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலைமேல் வெள்ளம் புரண்டது. கடலூர் வரையுள்ள கரையூர்கள் நீரில் மூழ்கின. எச்சரிக்கை தக்க காலத்தில் எட்டவில்லை என்று மக்கள் பலர் முறையிட்டனர். ஐந்து முறை எச்சரித்ததாக அரசினர் விடையிறுத்தனர்.

யார் மேற் குற்றம் என்பதை ஈண்டு ஆராயப் புகவில்லை. பள்ளி மாணவரும் போடக்கூடிய ஒரு கணக்கை மட்டும் அன்பர்கள் போட்டுப் பார்க்க. நொடிக்கு 1,68,000 கன அடி நீர் விடாது வந்துகொண்டேயிருந்தால், முற்றும் வறண்டு கிடக்கும் சாத்தனூர் அணையும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அன்றியும் திருவண்ணாமலைப் பக்கத்தினின்று ஓடிப் பெண்ணையிற் கலக்கும் துரிஞ்சலாறு போன்றவற்றின் நீர், அணைக்குக் கீழே சேர்வதாகலின், அணைக்குக் கட்டுப்படாது. அணை வெள்ளத்தைக் குறைக்கும், தாழ்த்தும், அறவே ஒழிக்காது. மேலே அணை உளது என்னும் துணிவினால் ஆற்றுப்படுகையிலும் ஓடைக்கரையிலும் வீடு கட்டுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

கோடியைப் புறக்கணித்தால் விளையும் கேட்டிற்கு அயல்நாட்டு வரலாறு ஒன்று சான்றாகும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் சவுத் போர்க் என்னும் இடத்தில் ஒரு மண்ணணை இருந்தது. செல்வர் சிலர் கூடிய கழகம் ஒன்று அதனை வாங்கி, மீன் பிடிக்கவும் படகு விடவும் உரிய உல்லாச ஏரியாக ஆக்கிக்கொண்டது. வண்டி செல்லும் பொருட்டுக் கரையின் தலையைத் தாழ்த்தினர். மீன் தப்பாதிருக்கக் கலிங்கிற் கம்பித் தட்டி அடைத்தனர். அடியில் நீரை வெளியேற்றிய குழாய்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் அமைத்தாரில்லை. 1889-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பெருமழையில் நீர் கரைமேல் ஏறிற்று, கரை உடைந்தது. கீழே இருந்த சான்ஸ்டவுன் நகரம் அழிந்து 2,209 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் குசராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையில் நீர் மேலேறி மண்கரைகளை அரித்துச் செல்ல, மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவ்வணையின் கலிங்கு, வந்த வெள்ளத்தினும் மிகக் குறைந்த அளவிற்கே அமைக்கப்பட்டிருந்தது.

சாத்தனூர்க் கதவுகளைத் திறப்பது நம் கையில் இல்லை. நம்மூர்க் கோடியோ நம் கையில் உள்ளது. முன்னர் நீர்க்கட்டி அல்லது கம்புகட்டி என்பார் மழைக்காலத்து இரவில் விளக்கேந்திக் கரையைச் சுற்றி வந்தனர். ஊரார் வீட்டுக்கு ஓராள் வந்து குடிமராமத்துச் செய்தனர். அவ்வழக்கம் தளர்ந்தபின், பல ஊர்களில் வரத்துக்கால் மனையாயிற்று; கோடிக்குக் கீழ் ஓடை பயிர் நிலமாயிற்று. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டரசு 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் இருந்தும் ஓடை திரும்பாமைக்குக் காரணம் யாது? வருவாய்த்துறையார் அளக்க வரும்போது, ஆக்கிரமித்தவனுக்குப் பரிந்து பேச அவன் உறவினரும் இனத்தாரும் திரண்டு நிற்பதே பெரிதும் காரணமாகும். கசப்பாயினும் இதனைக் கூறாது விடுதல் ஆசிரியன் தொழிலுக்கு அழகன்று.

உத்தரமேரூரார் விதித்ததை இப்போது நினைக்க. ஊர்ப்பொருளில் தவறியவனுக்கு உறவு துணையாகலாகாது என்பதே அவர்தம் கருத்து. அதனால் உறவினரையும் சேர்த்து விலக்கினர். நாமோ உறவென்று சேர்த்துக் காக்கின்றோம். வெள்ளம் குலம் கேட்டு வருவதில்லை. அடைபட்ட ஓடை முதலில் மூழ்கடிப்பது தாழ்ந்த இடத்துக் குடிசைகளையே. அவற்றுள் நம்மவர் குடிசையும் பிறர் குடிசையும் உண்டு.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஊர்க் கிளையும் ஆவணித் திங்களுக்குள் தன் ஊர் ஏரியின் வரத்துக்கால், கரை, மதகு, கோடி நான்கையும் ஏனைய சமூகத்தாரோடு கூடிச் சென்று பார்வையிடுக. கசிவும் வளையும் கண்டால் உரிய அலுவலர்க்கு எழுத்தில் தெரிவிக்க. ஓடையை அடைத்தவன் நம்மவனாயின், அவனுக்குச் சங்கம் பரிந்து பேசுவதில்லை என்று தீர்மானம் செய்க. அவன் ஏழையாயின் மாற்று மனை பெற உதவுக.

நம் பிள்ளைகள் நம் சங்கத்தின் பெயரை மண்டபத்துக் கல்வெட்டிற் படித்து மகிழ்வர். அவர்கள் ஏரி நிரம்பிக் கோடி தடையின்றிப் போகும் ஓசையைக் கேட்டு அச்சமின்றி உறங்குவாராயின், அதுவே நாம் அவர்க்கு வைத்துச் செல்லும் பெருஞ்செல்வம்.

மாரி வழங்குக! ஏரி நிறைக! ஊர் வாழ்க!