பீலித் தண்ணீருக்குச் சாட்சி யார்?

ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ‘டிக் ஓயா’ என்றால் சிங்களத்தில் நீண்ட ஆறு என்று பொருள். ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில் டிக்கோயாவைக் கடந்தவர்கள் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அழகைப் பற்றிச் சொல்வார்கள். அங்கு பிறந்து வளர்ந்தவர்களோ பீலியைப் பற்றிச் சொல்வார்கள். மலைச்சரிவில் கசியும் ஊற்றை மூங்கிலாலோ குழாயாலோ மறித்து லயத்தின் பக்கம் விழச் செய்வதுதான் பீலி. குளிப்பதும் துவைப்பதும் குடிக்க எடுப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அதன் கரையில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டம் பற்றிச் செய்தி சேகரிப்பதற்காக டிக்கோயாவை அடுத்த ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பீலிக்கரையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது, அங்கிருந்த வயதான அம்மா ஒருவர் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளிருந்து ஆறவைத்த தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மேல்மலையில் மருந்தடித்த பின்னர் பெய்யும் முதல் மழையின்போது பீலித் தண்ணீரை எடுப்பதில்லை என்பது அந்த லயத்துக் கட்டுப்பாடு என்று விளக்கினார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்லவாம், அவர்களாகவே வகுத்துக்கொண்டதாம். அதை என் குறிப்பேட்டில் எழுதினேன். ஆனால் அன்று நான் அனுப்பிய செய்தியில் சம்பளம் இருந்தது, தண்ணீர் இருக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் நான் தவறவிட்ட செய்திகளுள் இதுவும் ஒன்று.

அண்மையில் வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் வீடு வாங்கப் போன கதையைச் சொன்னபோது அந்தக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. தெருமுனையில் ஒரு காலத்தில் உலர்சலவைக் கடை இருந்ததாம். கடை மூடி எத்தனையோ வருடங்கள். ஆயினும் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்த அறிக்கை இல்லாமல் அக்கம்பக்கத்தில் எவரும் காணி வாங்கத் துணிவதில்லையாம். துணி வெளுக்கும் கடையால் கிணறு கெடுமா என்று அவர் வியந்தார்.

கெடும். உலர்சலவை என்பது தண்ணீரின்றி, கரைப்பானைக் கொண்டு அழுக்கெடுப்பது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதற்குப் பயன்பட்டது பெர்க்ளோரோஎதிலீன். அது தண்ணீரை விடக் கனமானது. நிலத்தில் சிந்தினால் மேலே மிதக்காமல் மண்ணூடாகக் கீழிறங்கி, நீரோட்டத்தைத் தொட்டு, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் உள்ள கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளத்தின் ஒரு குடியிருப்புக்குக் குடிநீர் தந்த கிணறுகளை, தளத்துக்கு வெளியே இருந்த ஒரு சலவைக் கடையின் கழிவு கெடுத்தது. 1950களிலேயே தொடங்கிய அந்த மாசு 1980களில்தான் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர வழிவகுக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது. உலர்சலவையில் இந்தக் கரைப்பானைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை அந்நாட்டுச் சுற்றாடல் நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது. தண்ணீர் கெட்டு, காரணம் தெரிந்து, நீதி கிடைக்க இரண்டு தலைமுறை கடந்துவிடுகிறது.

டிக்கோயாவில் அத்தகைய சலவைக் கடைகள் இருந்ததில்லை. துரைமார் பங்களாத் துணிகளைத் தோட்டத்து டோபி ஓடைக்கல்லில் அடித்துத்தான் வெளுத்தார். ஆனால் மலைகளில் வேறொரு கணக்கு எழுதப்பட்டு வந்திருக்கிறது.

1869இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பிப் பயிர் அழியத் தொடங்கிய பின்னர் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால் அதன் நோய்களும் மலை முழுவதும் பரவும். 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்குள் வந்தது. செம்பு கலந்த மருந்துகள் தெளிக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்க டில்ட்ரின் வந்தது. அந்த நஞ்சு வண்டைக் கொன்றதோடு, இலை சுருட்டும் புழுவை அடக்கி வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றது. அக்குளவி 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அது மறைந்ததும் புழுக்கள் பெருகின. பூச்சியியல் நூல்களில் இன்றும் பாடமாக இருக்கும் நிகழ்ச்சி இது. மண்ணில் எளிதில் சிதையாத டில்ட்ரின், 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை முதன்முதலில் தடைக்குக் குறித்த பன்னிரு நஞ்சுகளுள் ஒன்று. புழுவின் கதையை ஆராய்ச்சியாளர் எழுதி வைத்தனர். அதே சரிவின் கீழே பீலியில் குடம் வைத்தவர்களின் கதையை எழுதியவர் எவரையும் நான் அறியேன்.

பிறகு களைநாசினிகளின் காலம். பரகுவாட் 2008இலிருந்து படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு விலக்கப்பட்டது. கிளைபோசேட்டுக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பல தோட்டங்கள் எம்.சி.பி.ஏ. என்ற மாற்று மருந்துக்குத் திரும்பின. அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிய இறக்குமதியாளர் தரப்பிலிருந்து எழுந்த எதிர்ப்பு கொழும்பில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. தனியாக வரம்பு வகுக்கப்படாத பொருள்களுக்கு ஜப்பான் வைத்துள்ள பொது வரம்பு ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம். டோக்கியோவில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்துபவருக்காக இலை அந்த நுட்பத்துக்குச் சோதிக்கப்படுகிறது. அந்த இலையைக் கொய்தவர் வீட்டுக் குடத்துத் தண்ணீருக்கு அப்படி ஒரு சோதனை நடந்ததாக என் தொழில் வாழ்வில் ஒரு செய்தியும் என் மேசைக்கு வரவில்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பீலித் தண்ணீரில் அன்றாடம் நோய் தருவது பெரும்பாலும் மலசலகூடக் கிருமிதான். கொதிக்க வைத்தால் அது சாகும். இரசாயனம் கொதித்தால் போகாது. ஆறவைத்த தண்ணீர் தந்த அந்த அம்மா கிருமிக்கு ஒரு வழியும் மருந்துக்கு ஒரு வழியுமாக இரண்டு கட்டுப்பாடுகளைக் கைக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

நிலத்தடி நீர் கெட்டால் இலங்கையில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர் அறிந்த பெரிய சான்று சுன்னாகம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே அதன் உயிர். சுன்னாகம் மின்நிலைய வளாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூலை வரை 150 கிணறுகளைச் சோதித்ததில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மேல் இருந்தன. 2015 சனவரியில் மக்கள் வீதிக்கு இறங்கினர். மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நோதேர்ன் பவர் நிறுவனத்தின் மின் உற்பத்தியை நிறுத்தியது. அதே வளாகத்தில் அதற்கு முன்னரும் மின்நிலையங்கள் இயங்கியிருந்தன. எந்த எண்ணெய் யாருடையது என்ற வாதம் எழுந்தது. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவோ மக்களின் ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் கூட்டியது.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. பாதிக்கப்பட்ட கிணறு ஒன்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. கண்காணிக்கக் கடமைப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பைப் படித்தபோது என் மனம் டிக்கோயாவுக்குப் போனது. சுன்னாகத்தில் நட்டஈடு கிணற்றுக்கு உரியவருக்குக் கிடைத்தது. பீலிக்கு உரியவர் யார்? தோட்டக் காணி 1970களில் அரசுடைமையானது. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. காணி நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. லயமும் தோட்டத்தினுடையது, ஊற்றும் தோட்டத்தினுடையது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அதை மீளப் பெறவே அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த சமூகம் இது. உறுதிப் பத்திரம் இல்லாதவருக்குக் கிணறும் இல்லை. கிணறு இல்லாதவர் நட்டஈட்டுப் பட்டியலில் எந்த இலக்கத்தில் வருவார்?

எனினும் அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. வழக்கைத் தொடுத்த இரவீந்திர குணவர்தன காரியவசம் சுன்னாகத்தில் கிணறு வைத்திருந்தவர் அல்லர். தெற்கைச் சேர்ந்த சூழலியல் செயற்பாட்டாளர். பொது நலன் கருதி வந்த அவரை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை, 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற்று வழக்கைத் தொடர்ந்து, இங்கும் வலியுறுத்தியது. அப்படியானால் தண்ணீருக்காகப் பேசக் காணி உறுதி தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குச் சிங்களவர் ஒருவர் வழக்காடிப் பெற்ற நீதி, டிக்கோயாப் பீலிக்கும் உரியதே.

ஆனால் சுன்னாகத்துக்கு 150 கிணறுகளின் அறிக்கை இருந்தது. பீலிக்கு என்ன இருக்கிறது? எந்த மலையில், எந்தத் திகதியில், எந்த மருந்து அடிக்கப்பட்டது என்ற பதிவு லயத்து மக்களின் கைக்கு வரவேண்டும். மருந்தடிப்புக்குப் பின்னும் மழைக்குப் பின்னும் குடிநீர் ஊற்றுகள் சோதிக்கப்பட வேண்டும். மலைநாட்டின் நீர் பாறைக்கு மேலுள்ள மெல்லிய மண்ணூடாக விரைந்து ஓடுவது. பிந்திப் போய் எடுத்த மாதிரி எதையும் காட்டாது. இதில் கொழும்புக்கும் அக்கறை இருக்க வேண்டும். டிக்கோயாவின் நீர் காசல்ரீயில் சேர்ந்து, கெஹெல்கமு ஓயாவாக இறங்கி, மஸ்கெலியா ஓயாவுடன் கலந்து களனி கங்கையாகிறது. தலைநகர் குடிப்பது அந்தக் களனியைத்தான்.

முதல் மழைத் தண்ணீரை எடுப்பதில்லை என்ற அந்த லயத்துக் கட்டுப்பாட்டை இப்போதாவது இங்கே எழுதி வைக்கிறேன். மலையகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இதைப் படிப்போர் தத்தம் தோட்டத்துப் பீலிக்கு இத்தகைய கட்டுப்பாடு ஏதும் இருந்ததா என்று பெரியவர்களைக் கேட்டு, ஆண்டும் மலையின் பெயருமாகக் குறித்து வையுங்கள். நாளை ஒரு நீதிமன்றம் சாட்சி கேட்டால் பீலிக்கு வாய் கிடையாது. அதன் கரையில் நின்றவர்களின் வார்த்தைதான் இருக்கும்.