அருங்காட்சியகத்தின் பின்கட்டு

அரிசி பருப்பு வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்குமேல் கழித்தவன் நான். ஒரு கடையின் முதல் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வாசலில் பரப்பியிருக்கும் மாதிரித் தட்டுகளைப் பார்த்துப் பயனில்லை, பின்னாலிருக்கிற கோடவுனைப் பார்க்கணும் என்று என் தகப்பனார் சொல்வார். அருங்காட்சியகத்துக்கும் அதே கணக்குத்தான் என்பது எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் விளங்கியது.

நம் நகரத்தில் பெரிய அருங்காட்சியகம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது கோட்டைப் பகுதியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயம்தான். பழைய பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம். 1905இல் அடிக்கல் நாட்டி, ஜார்ஜ் விட்டெட் வரைந்த திட்டப்படி கட்டி முடித்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்துவிட்டு, 1922 ஜனவரியில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சிரவணபெளகொளாவிலிருந்து அங்கே வந்து சேர்ந்த பாகுபலியின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. சமணனாகப் பிறந்த நான் அதற்காகவே பல தடவை போயிருக்கிறேன். ஆனால் அங்குள்ள பொருள்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் என்றும், அவற்றில் ஒரு சிறு பங்கைத்தான் நாம் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்கிறோம் என்றும் எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் பின்கட்டில்.

சில வருஷங்களுக்கு முன் நகரின் வேறொரு நிறுவனத்தில் பொதுமக்களைச் சிறு சிறு குழுவாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில்தான். எதையும் தொடக்கூடாது. உள்ளே இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு பதிவேடு. என் கண் முதலில் போனது பதிவேட்டின் மேல்தான். எங்கள் பேரேடு மாதிரியே வந்த தேதி, எங்கிருந்து, யார் கொடுத்தது, என்ன நிலை, இப்போது எந்தத் தட்டில் என்று பத்தி பத்தியாக இருந்தது.

பழுதுபார்க்கும் அறையில் ஒரு பெண் கிழிந்த பக்கம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஜப்பானிய மெல்லிய காகிதம், கோதுமை மாவுப் பசை, அவ்வளவுதான். "செல்லோடேப் ஒட்டினால் சீக்கிரம் வேலை முடியுமே அம்மா?" என்று கேட்டேன். "பத்து வருஷத்தில் அந்த டேப்பே காகிதத்தை மஞ்சளாக்கித் தின்றுவிடும் தாத்தா. இந்தப் பசையை நாளைக்குத் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம்" என்றாள். பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்ள இடம் விட்டுச் செய்வதுதான் இந்தத் தொழிலின் தர்மமாம்.

பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை. நம் வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் துலக்குவதுபோல் துலக்கலாமே என்றேன். சிரித்தாள். பழைய வெண்கலத்தின் மேல் படியும் கெட்டியான பச்சைப் படலம் அதற்குச் சட்டை மாதிரி. அதைத் தேய்த்து எடுத்தால் உடம்பு வெளியே தெரியும். வெளிர்ப் பச்சைப் பொடியாக உதிர்ந்தால் மட்டும் அது நோய். உலோகத்தில் ஏறிய உப்பு ஈரத்தோடு சேர்ந்து உள்ளே அரிக்கிறது. நம் மும்பை மழைக்காலத்தில் அதைத் தடுப்பதே பெரும்பாடு. இந்த வேலையில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயர் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில் வெண்கலங்களைக் காப்பாற்ற 1930லேயே ரசாயனக் கூடம் வைத்தார்கள். அங்கே பணிபுரிந்த எஸ். பரமசிவன்தான் சித்தன்னவாசல் சமண ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்து எழுதியவர்.

வெளியே வந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, பூட்டி வைத்தால்தானே பத்திரம்? எதுக்கு எல்லாருக்கும் காட்டறாங்க?"

நல்ல கேள்வி. அதற்கு எங்கள் சமண சமயத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

கர்நாடகத்தில் மங்களூருக்கு அருகே மூடபித்ரி என்ற ஊர். அங்குள்ள பசதியில் ஷட்கண்டாகமம் என்னும் திகம்பர ஆகமமும், 9ஆம் நூற்றாண்டில் வீரசேனர் எழுதிய தவளா என்ற அதன் பேருரையும் பழங்கன்னட எழுத்தில் ஓலைச்சுவடிகளாக இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைப் பூட்டியே வைத்திருந்தார்கள். யாத்திரிகர்கள் வந்தால் தூரத்திலிருந்து தரிசனம், அவ்வளவுதான். வாசிப்பவர் இல்லை. ஓலையோ வருஷத்துக்கு வருஷம் நொறுங்கிக்கொண்டிருந்தது.

1883இல் பம்பாயிலிருந்து ஒரு வியாபாரி யாத்திரை போனார். சி.பி. டேங்கில் இருக்கும் ஹீராபாக் தர்மசாலையைக் கட்டிய சேட் மாணிக்சந்த் பானாசந்த்தான் அவர். முத்து, நகை வியாபாரி, பண்டிதர் அல்ல. எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போன இடத்தில் அவர் சுவடியின் நிலையைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஊர் திரும்பி சோலாப்பூர் ஹீராசந்த் நேமிசந்துக்கு எழுதினார். பல வருஷ முயற்சிக்குப் பிறகு 1896இல் படி எடுக்கும் வேலை தொடங்கி 1922 வரை நடந்தது. 1939இல் ஹீராலால் ஜெயின் முதல் தொகுதியை அச்சில் கொண்டுவந்தார். அடுத்த இருபது வருஷத்தில் 16 தொகுதிகளாக நிறைவேறியது. ஒரு வியாபாரி பின்கட்டைப் பார்த்ததில் ஓர் ஆகமம் பிழைத்தது.

தமிழிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் வேலைக்குச் சேர்ந்த உ.வே. சாமிநாதையருக்குச் சீவக சிந்தாமணியின் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. அவ்வூர்ச் சமணர் வீடுகளில் அந்த நூலைச் சிரவணம் செய்யும் வழக்கம் இருப்பதை அறிந்து போய்க் கேட்டார். நம்மவர்கள் வேற்றுச் சமயத்தார் என்று கதவைச் சாத்தவில்லை. சந்தேகம் தீர்த்து அனுப்பினார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கேட்கத் துணிந்த ஒருவரும் கதவைத் திறந்த சிலரும் சேர்ந்ததால் கிடைத்த நூல் அது.

இன்னொரு காரணம், எண்ணும் படமும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராஜர் திருட்டுப்போய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றார். அவர் நம் நடராஜர்தான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பின்கட்டில் இருந்த பழைய புகைப்படங்கள். 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். பதிவில் இல்லாத பொருள் தொலைந்தால், தொலைந்தது என்பதே தெரியாது. வியாபாரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இதை நன்றாகவே உணர்ந்துவிட்டார்கள். கனடாவில் வான்கூவர் பல்கலைக்கழகத்து மானுடவியல் அருங்காட்சியகம் 1976லேயே கிடங்கைப் பொதுமக்கள் கண்ணுக்குத் திறந்தது. 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் உள்ள கிடங்கையே மக்கள் சுற்றிப் பார்க்கும் கட்டடமாகக் கட்டினார்கள். 2025 மே மாதம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் திறந்த கிடங்கில், இன்ன பொருளைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொன்னால் எடுத்து வந்து காட்டுகிறார்கள். கட்டணம் கிடையாது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் மளிகைக் கடை வைத்தவர். தோல்ஷாப்பில் வேலை செய்த திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள் பலருக்குக் கடன் கணக்கு உண்டு. ஆள் பெயர், சொந்த ஊர், யார் சிபாரிசில் வந்தார், எந்த மாசம் ஊருக்குப் போனார், என்றைக்கு அரிசி என்ன விலை எல்லாம் பேரேட்டில் இருக்கும். சில பக்கங்களில் கணக்குத் தமிழ் எண்ணிலேயே இருக்கும். 1987இல் நாங்கள் செம்பூருக்குக் குடிபோனபோது, புது வீட்டில் இடமில்லை என்று இருபத்திரண்டு பேரேட்டையும் ரத்திக்காரரிடம் நானே நிறுத்துப் போட்டேன். அன்றைக்குக் கிடைத்த காசு எவ்வளவு என்றுகூட நினைவில்லை.

எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம் 1821இல் தொடங்கியது. கவர்னர்களின் கடிதங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. டவுன் ஹாலில் ஆசியாட்டிக் சொசைட்டியின் நூலகத்தில் இத்தாலியக் கவி தாந்தேயின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. 1882இல் சோபாரா ஸ்தூபத்தில் கிடைத்த பௌத்த நினைவுப் பேழையும் அந்தச் சொசைட்டியிடம் உண்டு. ஆனால் தாராவித் தோல்ஷாப்காரருக்கு எந்த மாசம் எத்தனை படி அரிசி கடன் என்பதை எந்தக் காப்பகத்தில் தேடுவது? அது என் பேரேட்டில் மட்டும்தான் இருந்தது.

தாராவியில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு எழுகின்றன. வீடு மாறும்போதுதான் பரண் காலியாகிறது. பழைய ரேஷன் கார்டு, மணியார்டர் ரசீது, பள்ளிக்கூடக் குழுப்படம், நாடக நோட்டீஸ், இதுபோன்ற சங்க மலர்கள் எல்லாம் அப்போதுதான் எடைக்குப் போகின்றன.

எங்கள் திகம்பர வழக்கத்தில் சுருத பஞ்சமி என்று ஒரு நாள் உண்டு. அனேகமாக மே கடைசியிலோ ஜூனிலோ வரும். ஷட்கண்டாகமம் எழுதி முடிந்ததை நினைத்து, அன்றைக்குச் சுவடிகளையும் நூல்களையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, பூச்சி பார்த்து, புதுத் துணியில் கட்டி, எல்லோரும் பார்க்க வைத்து வணங்குவோம். ஜூன் 9ஆம் தேதியை உலக ஆவணக் காப்பக நாள் என்று கொண்டாடுகிறார்கள். இரண்டும் ஒரே காரியம்தான்.

நம் சங்கங்களுக்கு என் விண்ணப்பம் இது. சங்கத்தில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு பதிவேடு, வருஷத்தில் ஒரு நாள் திறந்த கதவு. பொருளைக் கொடுக்க மனமில்லாதவர் அதைப் படம் எடுத்துக்கொள்ளக் கொடுத்தால் போதும். படத்தின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். குழந்தைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனால், கடைசியில் அங்கிருப்பவரிடம், "பின்கட்டைப் பார்க்க ஏதாவது ஏற்பாடு உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர்கள் அதிகமானால் கதவு திறக்கும்.

பேரன் போன தீபாவளிக்கு எங்கள் பரணைச் சுத்தம் செய்தான். மூலையில் துணி சுற்றிய ஒரு நோட்டு. இருபத்திரண்டோடு போகாமல் தப்பிய இருபத்து மூன்றாவது பேரேடு. 1961ஆம் வருஷத்தது. அதற்கு அவன் எண் ஒன்று என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறான்.