காரம் குறைந்த புகை

பேரா மாநிலத்தின் மேற்குக் கரையை ஒட்டிய மஞ்சோங் மாவட்டத்தில், புருவாஸிலிருந்து சித்தியவான் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த சிறு பட்டணம் ஆயர் தாவார். உப்புக் கலவாத நீர் என்பதே இம்மலாய்ப் பெயரின் பொருள். கடல் அண்மையில் உள்ள நிலத்தில் குடியேறும் மனிதன் முதலில் ஆராய்வது நீரைத்தான். அந்த ஆராய்ச்சிக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஒரு கை அள்ளி நாவில் இட்டால் உப்பு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

மனிதன் உட்கொள்ளும் எல்லாப் பொருளையும் இவ்வாறு நாவினால் சோதித்துவிட முடியுமாயின் மருத்துவமனைகளுக்கு வேலை குறைந்துவிடும். புகையின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கின்றது. சுருட்டிலிருந்து சிகரெட்டும், சிகரெட்டிலிருந்து வடிகட்டி பொருத்திய சிகரெட்டும், அதன்பின் மின் சிகரெட்டும் தோன்றின. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் திருந்தியது என்னும் பெயரோடு வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தொண்டைக்கு இதமாகவும் இருந்தது. இதமானது தீங்கற்றது என்று மக்கள் நம்பியதே இவ்வரலாற்றின் துயரமான பகுதி.

தோட்டத்துக்கு வந்த புகையிலை

புகையிலை தமிழ்நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாகக் கிழக்குக்கு வந்தது. வந்த சில தலைமுறைகளில் தமிழர் வாழ்வில் அது வேரூன்றிய விதம் வியப்புக்குரியது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக விடுத்துப் 'புகையிலை விடு தூது' என்னும் சிற்றிலக்கியம் பாடும் அளவுக்கு அது மதிப்புப் பெற்றுவிட்டது. சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழ்ச் 'சுருட்டு' என்னும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். 1887ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நவீனத்தில், துப்பறிவாளர் சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கூறிவிடுகிறார். அத்துணைப் புகழ் அன்று அதற்கு இருந்தது.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராவின் காடுகளைத் தோட்டங்களாக்கின. ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கப்பலேறிய தமிழர் அத்தோட்டங்களை உருவாக்கினர். 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த முறையும், 1938ஆம் ஆண்டில் கங்காணி முறையும் முடிவுற்றன. அவர்களோடு வந்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றுக்கு முடிவு வரவில்லை. விடியற்காலைப் பிரட்டுக்கு நிற்கும்போதும், பால்மரம் சீவி முடித்து இளைப்பாறும்போதும், மாலையில் லயத்து வாசலில் அமரும்போதும் அவை துணையாயின. ஆடவர் சுருட்டும் பீடியும் புகைத்தனர். பெண்டிர் புகைக்கவில்லை, புகையிலையை வெற்றிலையோடு மென்றனர்.

அக்காலத்துச் சுருட்டு காரமானது. அதன் புகை காரத்தன்மை உடையதாதலின் நிகோடின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். நெஞ்சுக்குள் இழுத்தால் இருமல் வரும். ஆகவே சுருட்டுப் பிடித்தவர் பெரும்பாலும் புகையை வாயோடு நிறுத்திக்கொண்டார். காரம் ஒரு காவல்காரனைப் போல் நின்று நுரையீரலின் வாயிலைக் காத்தது எனலாம்.

இதனால் அப்பழக்கம் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. வாயைக் காக்கக் காவல்காரன் எவனும் இல்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மற்ற இனத்தாரைவிட மிகுதியாகக் காணப்படுவதற்கு வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கமே முதன்மைக் காரணம் என மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாவதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ஆம் ஆண்டு அறிக்கையில் உறுதி செய்தது. பழமை என்பதனாலேயே ஒரு பழக்கம் நல்லதாகிவிடாது.

காவல்காரன் விலக்கப்பட்டான்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில், வெப்பக் காற்றினால் இலையைப் பதப்படுத்தும் முறை பரவியது. அவ்வாறு பதப்படுத்திய இலையின் புகை மென்மையாக இருந்தது. இருமாமல் நெஞ்சு நிறைய இழுக்க முடிந்தது. 1880களில் பான்சாக் என்பவரின் இயந்திரம் ஒரே நாளில் ஒரு லட்சத்து இருபதாயிரம் சிகரெட்டுகள் வரை உருட்டித் தள்ளியது. மென்மையும் மலிவும் ஒன்றுசேர்ந்தன. சுருட்டை எட்டியும் பாராத மக்கள்கூடச் சிகரெட்டுக்கு அடிமையாயினர். விலக்கப்பட்ட காவல்காரனுக்காக நுரையீரல் விலை கொடுத்தது. நாட்பட்ட புகைப்பாளரின் நுரையீரலில் புற்று வளர்வதை 1950ஆம் ஆண்டில் டால், ஹில் ஆகிய இரு பிரித்தானிய அறிஞர்கள் புள்ளிவிவரங்களோடு எடுத்துரைத்தனர். 1962இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியும் அதனை வழிமொழிந்தனர்.

மக்கள் அஞ்சினர். அச்சத்துக்கு மருந்தாகத் 'திருந்திய' சிகரெட் வந்தது. 1952ஆம் ஆண்டில் கெண்ட் என்னும் சிகரெட், நலத்தைக் காக்கும் வடிகட்டி பொருத்தியது என்ற விளம்பரத்துடன் விற்பனைக்கு வந்தது. அவ்வடிகட்டியில் இருந்தது கல்நார். அதன் இழை நுரையீரலில் தங்கிப் புற்றை விளைவிக்கும் என்பதை இன்று உலகம் அறியும். 1956ஆம் ஆண்டு வரை அவ்வடிகட்டி நீடித்தது. நோயிலிருந்து காக்க வந்த கருவியே நோயைச் சுமந்து வந்தது.

அடுத்து 'லைட்', 'மைல்டு' என்னும் பெயர்கள் தோன்றின. வடிகட்டியைச் சுற்றி ஊசிமுனைத் துளைகள் இடப்பட்டன. சோதனைச் சாலையில் இயந்திரம் புகைத்தபோது காற்று உட்புகுந்து தாரின் அளவு குறைந்து காட்டியது. மனிதன் புகைத்தபோதோ அவனுடைய விரலும் உதடும் துளைகளை மூடின. உடல் கேட்ட நிகோடினைப் பெற அவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தான். இயந்திரம் தந்த மதிப்பெண்ணுக்கும் மனிதன் பட்ட துன்பத்துக்கும் தொடர்பு இல்லாமற்போயிற்று. இச்சிகரெட்டுகளால் நலம் விளைந்ததற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

மின்கலத்தால் எழும் ஆவி

இந்தப் பின்னணியை மனத்திற் கொண்டே மின் சிகரெட்டை மதிப்பிடுதல் வேண்டும். நெருப்பின்றிப் புகைக்கும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1963ஆம் ஆண்டில் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். அதனைச் செய்து விற்க எவரும் முன்வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2003ஆம் ஆண்டில், சீன மருந்தாளுநர் ஹோன் லிக் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். புகைப்பழக்கம் உடைய அவருடைய தந்தை நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர். கருவியின் பிறப்பில் நன்னோக்கம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதன் அமைப்பு எளியது. மின்கலம் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளைத் தழுவிய பஞ்சுத்திரி, புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருள் ஆகியவை கலந்த திரவத்தை உறிஞ்சி நிற்கிறது. சூட்டினால் திரவம் நுண்துளிகளாக மாறி வெளிவருகிறது. இங்கு எரிதல் இல்லை. சிகரெட்டின் கனலோ இழுக்கும்போது 900 பாகை செல்சியஸை எட்டி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றுள் எழுபதளவு புற்றை விளைவிப்பவை. எரிதலை நீக்கியமையால் பெருந்தீங்கின் ஒரு பகுதி நீங்கியது உண்மை. வடிகட்டி செய்யாத வேலையை இக்கருவி ஓரளவு செய்தது.

பின்னர் ஆண்டுதோறும் திருத்தங்கள் வந்தன. முதற்கருவி சிகரெட்டின் உருவிலேயே இருந்தது. அதன் ஆவி மெலிந்தது. அடுத்தது பேனாவைப் போன்றது. மூன்றாவது, மின்னாற்றலைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பெட்டி. பெருமேகம் போல் ஆவியைக் கக்குவது. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். ஒரே திரவத்தை 3.3 வோல்ட்டில் சூடாக்கியபோது தென்படாத ஃபார்மால்டிஹைட் சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டன. அத்துணைச் சூட்டில் திரவம் கருகும். அக்கருகற் சுவையை எவனும் தாங்கமாட்டான் என்று பிற அறிஞர் மறுத்தனர். இங்கும் சுவையே காவல்காரனாக நின்றது காண்க. சூட்டைத் தானே அளந்து நிறுத்தும் அமைப்பு பின்னர் வந்த கருவிகளில் இடம்பெற்றது. அது உண்மையான திருத்தமே.

நான்காவது திருத்தம் வேறு வகையானது. ஏறத்தாழ 2015ஆம் ஆண்டில், நிகோடினோடு பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து உப்பாக்கும் முறை சந்தைக்கு வந்தது. அமிலம் சேர்ந்ததும் ஆவியின் காரம் குறைந்தது. முன்பு தொண்டையை அறுத்த அளவு நிகோடின் இப்போது எளிதாக உள்ளே சென்றது. அமெரிக்காவில் விற்ற ஜூல் என்னும் கருவியின் திரவத்தில் மில்லிலீட்டருக்கு 59 மில்லிகிராம் நிகோடின் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த உச்ச வரம்போ 20 மில்லிகிராம்தான். வெப்பக் காற்றில் பதப்படுத்திய இலை சிகரெட்டுக்குச் செய்ததை, அமிலம் மின் சிகரெட்டுக்குச் செய்தது. மாம்பழம், திராட்சை, குளிர்பானம் என்னும் வாசனைகள் எஞ்சிய காரத்தையும் மறைத்தன.

மலேசிய நாட்டில்

மின் சிகரெட், 'வேப்' என்னும் பெயரால் இந்நாட்டில் பரவிய வேகம் பெரிது. 2015 டிசம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் இதனை முஸ்லிம்களுக்கு ஆகாதது என அறிவித்தது. ஜொகூர் மாநிலம் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து விற்பனையைத் தடுத்தது. நிகோடின், 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் இருந்தமையால், நிகோடின் திரவத்தைக் கடைகளில் விற்பது சட்டப்படி குற்றமாகவே இருந்தது; எனினும் அது விற்கப்பட்டது. 2023 மார்ச் 31ஆம் நாள் அத்திரவம் நச்சுப்பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு, மறுநாள் முதல் மில்லிலீட்டருக்கு 40 சென் தீர்வை விதிக்கப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விற்பதைத் தடுக்கும் 852ஆம் சட்டமோ 2024 அக்டோபர் முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்த பதினெட்டு மாதங்களில், நிகோடின் திரவத்தைச் சிறுவனுக்கு விற்பதைத் தடுக்க நாடு தழுவிய சட்டம் இருக்கவில்லை. வரி முந்தியது, காப்பு பிந்தியது. பின்னர், 2025 ஆகஸ்டு முதல் பெர்லிஸும் திரங்கானுவும் தத்தம் எல்லையில் விற்பனையைத் தடை செய்தன.

தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, 2017ஆம் ஆண்டில் இளையோருள் 9.8 விழுக்காட்டினர் மின் சிகரெட் பயன்படுத்தினர். 2022ஆம் ஆண்டில் அது 14.9 விழுக்காடாயிற்று. தந்தையின் சுருட்டையோ பாட்டனின் பீடியையோ தொட்டறியாத பிள்ளைகள் பலர் இக்கணக்கில் அடங்குவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மதிப்பிடும் முறை

ஒரு புதிய கருவி முந்தியதைவிடச் சிறந்ததா என்று கேட்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் முறையாகும்.

முதலாவது, எதனோடு ஒப்பிடுவது? மின் சிகரெட் 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் மதிப்பிட்டது. அந்த எண்ணுக்குரிய அடிப்படை வலிவற்றது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் கண்டித்தது. எண் எதுவாயினும், ஒப்பீடு சிகரெட்டோடு செய்யப்பட்டது. தூய காற்றோடு அன்று.

இரண்டாவது, யார் கையில் இருப்பது? முப்பதாண்டு சிகரெட் பிடித்தவர் அதனை முற்றிலும் துறந்து இதற்கு மாறினால் அவர் பயனடைவார். பழக்கத்தை விடுவதற்கு நிகோடின் ஒட்டுப்பட்டை முதலியவற்றைவிட நிகோடின் கொண்ட மின் சிகரெட் மிகுதியாக உதவுகிறது என 2022ஆம் ஆண்டுக் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கண்டது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவருக்கு அப்பயன் கிட்டுவது அரிது. புகையே அறியாத பள்ளி மாணவனுக்கோ இஃது இறங்குபடியன்று, ஏறுபடியே. ஒரே கருவி ஒருவருக்கு மருந்தாகவும் மற்றவருக்கு நோயாகவும் அமைகிறது.

மூன்றாவது, உள்ளே இருப்பது என்ன? திரவத்தை நிரப்பவல்ல கருவியில் எதனையும் நிரப்பலாம். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோயினால் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். 68 பேர் மாண்டனர். கஞ்சாச் சத்துக் கலந்த திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளே அதற்குப் பெருங்காரணம் எனக் கண்டறிந்தனர். கருவியின் திருத்தம் வேறு, பொருளின் தூய்மை வேறு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் தமிழ்க் குடும்பங்கள் ஆயர் தாவார், சித்தியவான், ஈப்போ போன்ற பட்டணங்களில் குடியேறின. லயத்து வாசலில் அமர்ந்திருந்த பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மறைந்து வருகிறது. அதன் தீங்கைச் சமுதாயம் உணர்வதற்கு மூன்று தலைமுறைகள் சென்றன. பேரனின் சட்டைப் பையில் உள்ள சிறு கருவியை உணர்ந்துகொள்ள இன்னும் மூன்று தலைமுறைகள் காத்திருக்கலாகாது.

வெற்றிலையின் கறை வாயில் தெரிந்தது. சுருட்டின் நாற்றம் வீடெங்கும் வீசியது. மின் சிகரெட்டோ கறை படிவிப்பதில்லை. பழத்தின் மணம் வீசுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் பழைய அடையாளங்களைத் தேடினால் ஏமாறுவர். நீரின் உப்பை நாக்கு உடனே சொல்லிவிடும். புகையின் நஞ்சைச் சொல்ல அதற்கு ஆற்றல் இல்லை. கண்டித்துப் பேசுவதைவிட, இவ்வுண்மையை இளையோர்க்கு அமைதியாக எடுத்துரைப்பதே இன்றைய தேவை.