அச்சு யாருடைய குரல்?

1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திற்கு ஜேம்ஸ் கரட் என்னும் அச்சகரை அனுப்பியது. அப்போது இலங்கையின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவரை இங்கே தங்கவிடாது வெளியேற்றினார். ஓர் அச்சுத் தொழிலாளியைக் கண்டு பேரரசு ஏன் அஞ்சவேண்டும்? அச்சின் வலிமையை ஆள்வோர் நன்கறிந்திருந்தனர் என்பதே விடை.

எனினும் அச்சைத் தடுத்து நிறுத்த இயலவில்லை. 1834இல் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கலாயிற்று. 1841இல் 'உதயதாரகை' பிறந்தது. கிறித்தவத்தைப் பரப்பவந்த அவ்வச்சே எதிர்ப்புக்கும் வழிகாட்டிற்று. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவருடைய பாலபாடங்களும் கண்டனப் பிரசுரங்களும் சைவரிடையே ஒரு பொதுக் கருத்தைத் திரட்டின. 1879இல் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் நியமனம் பெறவேண்டுமென நாவலர் முன்னின்று ஆதரவு திரட்டியபோது, அக்கருத்து அரசியல் வலிமையாகவும் வெளிப்பட்டது. 1889இல் தோன்றிய 'இந்துசாதனம்' அவ்வழியிலேயே நடந்தது.

ஆனால் இப் 'பொது'க் கருத்து எல்லோருக்கும் பொதுவாயிருந்ததா? அந்நிய மத ஆதிக்கத்தை அஞ்சாது எதிர்த்த நாவலர், சாதியாசாரத்தைக் கைவிட்டாரல்லர். பள்ளிக்கூடத்தின் வாயிலே அடைபட்டுக் கிடந்தவனுக்குப் பத்திரிகையின் வாயில் எங்ஙனம் திறக்கும்? எழுத்தறிவு சாதியின் உடைமையாக இருந்தவரை, அச்சும் அதன் உடைமையாகவே இருந்தது. இந்த உண்மையை மறைத்து அச்சின் பெருமையை மட்டும் பாடுவது வரலாறாகாது.

அவ்வாயிலை ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கைகளாலேயே திறந்தனர். பொதுவுடைமை இயக்கத்தின் ஏடுகளும் வாசிப்பும் அதற்குத் துணைநின்றன. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்த டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். இதழ்களைத் தம் கையிலே சுமந்துசென்று விற்ற அவர், 2012 வரை அதனை நடத்தினார். எழுதும் உரிமை யாருக்கு என்னும் நெடுங்கால வழக்கிற்கு அவ்விதழே ஒரு தீர்ப்பாயிற்று.

1981ஆம் ஆண்டு மே இறுதி, ஜூன் தொடக்க நாட்களில் மூண்ட தீயில், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது. அச்சகரை வெளியேற்றிய அச்சம் இப்போது நெருப்பாக வந்தது.

நூலகக் கட்டடம் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆயினும் கட்டடம் மட்டும் வாசிப்பாகிவிடாது. ஆசிரியர்களாகிய நாம் மாணவரிடம் ஒரு நூலைக் கொடுக்கும்போது மூன்று வினாக்களையும் சேர்த்துக் கொடுப்போமாக: இதை எழுதியவர் யார்? அச்சிட்டவர் யார்? இதில் யாருடைய குரல் இல்லை?