கோழிக் கொட்டகையில் கண் எரியுதா? அலட்சியம் வேண்டாம்!

மழைக்காலத்தில் குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றி படுதாவை இறுக்கிக் கட்டிவிடுகிறோம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஈரமான எச்சத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வாயு உருவாகும். அது வெளியேறாவிட்டால் கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படும். காற்றில் 10 லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது.

தினமும் பழகிய மூக்குக்கு நாற்றம் தெரியாது. கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்க. கண் எரிந்தால் உஷார்!

என்ன செய்யலாம்?

* படுதாவைக் கீழிருந்து கட்டி, மேலே இடைவெளி விடுங்க.

* தண்ணீர் ஒழுகும் இடத்தை உடனே சரிசெய்யுங்க.

* தரையில் பரப்பிய உமியை அடிக்கடி கிளறுங்க. கையில் பிடித்தால் கட்டியாகுதா? ஈரம் அதிகம். அள்ளிவிட்டு புது உமி போடணும்.